பிலோமினா அக்கா வீட்டு ஷிப்ட்

1

போன ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து அம்மா வீடியோவில் அழைத்தபோது போனை என் மகள் யாழினி எடுத்தாள். முகம் தெரிந்ததும், "பாட்டி, பசியாறிட்டீங்களா?" என்றாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "ஆருக்கு சாமி பசி?" என்று கேட்டாள்.

"ஐயோ பாட்டி, காலைல சாப்டாச்சான்னு கேக்குறேன்லா!"

அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம், "ஏங்கண்ணு, இவ பேசறது நம்மூட்டுப் பேச்சாட்டமே இல்லையே. ஆரு வளத்தறா இவள?" என்றாள்.

கேலியாகத்தான் கேட்டாள். ஆனாலும் அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னோடு சுற்றிக்கொண்டிருந்தது. பினாங்குக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருடம் ஆகிறது. வந்த புதிதில் மளிகைக்கடைக்காரர் "அஞ்சு வெள்ளிமா" என்றபோது ஐந்து வெள்ளிக்கிழமைகளில் கொடுத்தால் போதும் என்று தவணை சொல்கிறார் போலும் என நினைத்து, இவ்வளவு நல்ல மனிதரா என்று வியந்து நின்றவள் நான். இங்கே ரிங்கிட்டுக்குத்தான் வெள்ளி என்று பெயர். காருக்குக் காடி. இப்போது நானும் "காடி எங்க நிப்பாட்டுனீங்க?" என்றுதான் கேட்கிறேன். யாழினியோ அப்படித் தடுக்கி விழாமல், பிறந்ததிலிருந்தே இந்த ஊர்ப் பேச்சுக்குள் நீந்துகிறாள். அதற்குக் காரணம் பிலோமினா அக்கா. அவரைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

2

எனக்கு வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். மின்னணுச் சில்லுகளைச் சோதித்து அனுப்பும் தொழிற்சாலை. கணவர் செந்தில் ஜுருவில் ஒரு கார் உதிரிபாகக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறார். தினமும் தீவிலிருந்து கடல்பாலத்தைக் கடந்து போய் வரவேண்டும். குடியிருப்பது கெலுகோரில்.

யாழினி பிறந்து, விடுப்பு முடிந்து, மறுபடி வேலைக்குப் போகவேண்டிய வாரம் வந்தது. எங்கள் ஷிப்ட் காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை. மாதத்தில் பாதி நாள் அது அப்படியே தலைகீழாக மாறும். நான் ஏறி இறங்கிய பதிவுபெற்ற குழந்தைக் காப்பகங்கள் எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. சுவரில் ஒட்டகச்சிவிங்கி, தரையில் ரப்பர் விரிப்பு, வாசலில் கைகழுவும் தொட்டி. ஆனால் அவை திறப்பதற்குள் நான் இயந்திரத்தின் முன் நின்றிருப்பேன். நான் வெளியே வருவதற்குள் அவை பூட்டியிருக்கும்.

என் சங்கடத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் லைனில் வேலை செய்யும் சல்மா சொன்னாள்: "மேடம், பிலோமினா அக்கா வீட்டுல விடுங்க. நம்ம லைன் புள்ளைங்க அங்கதான் வளருது. என் மவனும் அங்கதான்."

கெலுகோரிலேயே, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடி. கதவுக்கு வெளியே குட்டிக் குட்டிச் செருப்புகள். உள்ளே மாதா படம், அதன் கீழே துணித் தொட்டில்கள், சோபா இருக்கவேண்டிய இடத்தில் பாய். பிலோமினா அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒரு சீனப் பையனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பையன் பெயர் வெய் ஜியே. குடியிருப்புக்குக் கீழே கொய்தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸ் விற்கும் வண்டி வைத்திருக்கும் ஆ செங்கின் மகன்.

அக்கா என்னிடம் எதையும் நிரப்பச் சொல்லவில்லை. "எந்தப் பக்கம் சாஞ்சு தூங்கும் புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. யோசித்தேன்.

"தாப்பாலா. நான் பாத்துக்குறேன். நீங்க பயப்படாம வேலைக்குப் போங்க," என்றார்.

தாப்பா என்றால் பரவாயில்லை என்று பொருள். மலாயிலிருந்து வந்த சொல். யாழினி முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்று. கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்துவிட்டு அவள் எங்களைப் பார்த்து, "தாப்பா" என்று ஆறுதல் சொன்ன நாளை செந்தில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

அக்காவும் ஒரு காலத்தில் தொழிற்சாலைக்காரிதான். நுண்ணோக்கிக்குள் பார்த்துக் கம்பி இணைக்கும் வேலை. கம்பெனி வேறு நாட்டுக்குப் போனது, அக்கா போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். அது இரண்டாகி, மூன்றாகி, நான் போன சமயத்தில் ஆறாகியிருந்தது. மூன்று பேர் எங்கள் தொழிற்சாலையைச் சேர்ந்த அம்மாக்களின் பிள்ளைகள், யாழினியையும் சேர்த்து. ஒன்று, தனியார் மருத்துவமனை நர்ஸ் கலாவின் பெண். ஒன்று வங்கியில் வேலை பார்ப்பவருடையது. ஆறாவது வெய் ஜியே. சல்மாவின் மகனுக்கென்று அக்கா தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்திருந்தார். இறைச்சியை சல்மா சொல்லும் கடையில்தான் வாங்குவார். இதையெல்லாம் யாரும் அவரிடம் எழுதிக் கேட்டதில்லை.

3

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

கோயம்புத்தூரில் எங்கள் வீடு கணபதிப் பக்கம் ஒரு லைன் வீடு. அப்பா லேத் பட்டறையில். அம்மா வீட்டிலேயே மோட்டாருக்குக் காயில் சுற்றினாள். காலையில் ஒருவர் மொபெட்டில் செம்புக் கம்பியை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்; மாலையில் சுற்றிய காயிலையும் மிச்சக் கம்பியையும் எடை போட்டு எடுத்துப் போவார். கையால் சுழற்றும் சின்ன இயந்திரம். சுற்று எண்ணும்போது அம்மாவிடம் பேசக்கூடாது. பேசினால் தலையை மட்டும் ஆட்டுவாள்.

அந்தக் காயில்கள் பெரிய கம்பெனியின் பம்ப்செட்டுக்குள் போயின. மேலே பளபளவென்று கம்பெனி ஸ்டிக்கர். உள்ளே என் அம்மாவின் விரல்கள் சுற்றியது இருக்கிறது என்று வாங்கியவர்கள் யாருக்கும் தெரியாது. கம்பெனி ஊழியர் பட்டியலில் அம்மா இல்லை. ஈ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை. அதனால்தான் கல்லூரிக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்து என்னைத் தேர்ந்தெடுத்தபோது, கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையை வாங்கியதும் அதை அம்மாவின் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தேன். நம் குடும்பத்தில் ஒருத்தி கம்பெனிக் கேட்டுக்கு உள்ளே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

பினாங்குக்கு வந்து பார்த்தால், கேட்டுக்கு உள்ளே நான் நிற்பதற்கே கேட்டுக்கு வெளியே ஒருவர் பாய் விரித்து உட்கார வேண்டியிருந்தது.

4

யாழினிக்கு மூன்று வயது முடிந்த சமயம் அது. ஒரு மதியம் சல்மா சோதனைக்கூடத்துக்கே ஓடிவந்தாள். "மேடம், அக்கா வீட்டுக்கு ஆபீசர் வந்துட்டாங்களாம்."

குடியிருப்பில் யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். நடைபாதையில் செருப்பு, பகலில் அழுகைச் சத்தம். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அக்காவும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. வந்தவர் நலத்துறை அதிகாரி புவான் ரொஹானா; மலாயில் புவான் என்றால் அம்மையார். நாற்பது வயதிருக்கும் மலாய்ப் பெண். அதட்டவில்லை. எல்லாத் தொட்டிலையும் தொட்டுப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார். வீடு சுத்தமாக இருக்கிறது என்றார். ஆனால் இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொள்ளப் பதிவு வேண்டும். பதிவு வேண்டுமென்றால் அக்கா பயிற்சிக்குப் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஒன்பதாம் மாடியில் கைக்குழந்தைகளை வைத்து நடத்த அனுமதி கிடைக்காது, தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

அன்று மாலை அக்கா என்னிடம் சொன்னார்: "அவங்க கேட்டது ஞாயந்தான்மா. ஆறு புள்ளைய ரெண்டு கையில எப்படித் தூக்கிட்டு எறங்குவேன்? ராத்திரியெல்லாம் நானே அத நெனச்சிருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல."

பதிவு கிடைக்கும்வரை ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் வீட்டில் இருக்கக்கூடாது. அதுதான் உத்தரவு.

எந்த மூன்று?

5

அந்த ஞாயிறு, பூசை முடிந்து அக்கா வந்ததும் எல்லோரும் ஒன்பதாம் மாடியில் கூடினோம். நர்ஸ் கலா வந்ததுமே அழுதாள். அவளுக்குக் கணவர் இல்லை. "யாராவது நிக்கணும்னா நான் நிக்கிறேன்க்கா. வேலைய விட்டுர்றேன்," என்றாள்.

"நீ வேலைய விட்டா புள்ளைக்குச் சோறு யாரு போடுவா? உக்காரு," என்றார் அக்கா. "நான் ஒரு புள்ளையையும் வேணாம்னு சொல்ல மாட்டேன். எனக்கு அது வராது. நீங்க படிச்சவங்க, ஏதாச்சும் வழி சொல்லுங்க."

வழி சொன்னது சல்மாதான். "ஒரே நேரத்துல மூணு பேருன்னுதானே சொன்னாங்க? நாம மூணு அம்மாவும் ஒரே ஷிப்ட்டுல ஏன் இருக்கணும்? ஒருத்தர் பகல்னா இன்னொருத்தர் ராத்திரி போவோம்."

அவ்வளவுதான். பாயின் நடுவில் ஒரு பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் கிழித்தோம். கலாவுக்கு மருத்துவமனையில் எப்போதும் ராத்திரி ஷிப்ட், மாறாது. அவள் பெண்ணுக்கு முதலில் இடம் வைத்தோம். வங்கிக்காரர் மதியம்வரை மாமியாரை வரவழைப்பதாகச் சொன்னார். ஆ செங், காலையில் மகனைத் தன் வண்டிப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டு வியாபாரம் செய்வதாகச் சொன்னார். மிச்சக் கட்டங்களில் எங்கள் தொழிற்சாலை அம்மாக்களை நிரப்பினோம்.

மறுநாள் அதைக் கொண்டுபோய் எங்கள் ஷிப்ட் மேற்பார்வையாளர் முருகையா அண்ணனிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது யாரு போட்ட அட்டவணை?"

"பிலோமினா அக்கா வீட்டுல போட்டதுண்ணே."

"ரொம்ப சூசாவா இருக்கே," என்றார். சூசா என்றால் கஷ்டம். கொஞ்சநேரம் தாளையே பார்த்தார். "மூணு பேரும் ஒண்ணா லீவு போட்டா லைன் நின்னுரும். அதுக்கு இது தேவலாம். விட்டுட்டுப் போங்க."

நாடு நாடாகச் சில்லு அனுப்பும் கம்பெனி அது. பல மாதங்கள் அதன் ஒரு லைன் ஓடிய கணக்கு, கெலுகோரில் ஒரு பாயின் மேல் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. மேலிடத்தில் யாருக்கும் தெரியாது. நானும் செந்திலும் அந்த மாதங்களில் ஒருவரையொருவர் வாசலில்தான் பார்த்துக்கொண்டோம். ஒருவர் உள்ளே வர, ஒருவர் வெளியே போக.

6

ஆனால் விஷயம் மெதுவாக மனிதவள மேலாளர் மிஸ் லிம் காதுக்குப் போய்விட்டது. கூப்பிட்டு விசாரித்தார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கம்பெனி வளாகத்துக்குள்ளேயே ஒரு காப்பகம் திறக்கும் யோசனை இருப்பதாகச் சொன்னார். "அந்த அம்மாவையே வேலைக்கு எடுக்கலாம். மாதச் சம்பளம், இ.பி.எஃப்., மருத்துவம், விடுமுறை எல்லாம் உண்டு. கேட்டுச் சொல்லுங்கள்."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலை முடிந்ததும் நேராக ஒன்பதாம் மாடிக்குத்தான் ஓடினேன். அக்கா முழுவதும் கேட்டார். தொட்டிலை ஆட்டும் கை நிற்கவில்லை.

"கம்பெனிப் புள்ளைங்க மட்டுந்தானே உள்ள வரலாம்?"

"ஆமாக்கா."

"அப்ப கலா மவ? வெய் ஜியே?"

நான் வாசலில் கிடந்த குட்டிச் செருப்புகளைப் பார்த்தேன்.

"நல்ல வேலைதாம்மா. ஆண்டவர் மேல ஆணையா, எனக்கும் ஆசையாத்தான் இருக்கு. வயசாவுது, இ.பி.எஃப். யாருக்குக் கசக்கும்? ஆனா மூணு புள்ளைய கையில புடிச்சுக்கிட்டு மூணு புள்ளைய கேட்டுக்கு வெளிய நிறுத்திட்டு என்னால உள்ள போவ முடியாது. அவங்ககிட்ட மரியாதையாச் சொல்லிருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அன்றிரவு அம்மாவிடம் போனில் கொட்டினேன். என் அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று இவருக்கு வீடு தேடி வருகிறது, வேண்டாம் என்கிறாரே என்று.

அம்மா என்னைக் கொட்டி முடிக்க விட்டாள். பிறகு, "எனக்குக் கெடைக்கலீன்னு ஆரு சொன்னா?" என்றாள்.

"என்னம்மா?"

"நீ கைக்கொழந்தையா இருக்கறப்ப கம்பெனில வைண்டிங் செக்சனுக்குப் பொம்பளையாள் எடுத்தாங்க. என்னையும் வரச்சொன்னாங்க. எட்டு மணிக்குள்ள போகோணும். உன்னைய எங்க உட்டுட்டுப் போறது? அந்த லைன் ஊட்டுல இந்த அக்காளாட்டம் ஆரும் இல்ல கண்ணு."

நான் பல வருடம் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். கேட் அம்மாவை உள்ளே விடவில்லை என்று. அம்மாவே என்னை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். அன்று நெடுநேரம் அம்மாவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். காயில் சுற்றும்போது நான் கம்பியை இழுத்து விளையாடி எண்ணிக்கையைக் கெடுப்பேனாம். அப்போதும் அடித்ததில்லை, மறுபடி முதலிலிருந்து சுற்றினேன் என்றாள்.

மறுநாள் மிஸ் லிம்மிடம் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் வியக்கவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. "பதிவு வாங்கிவிட்டால் சொல்லுங்கள். பதிவுபெற்ற இடத்தில் பிள்ளையை விடும் ஊழியர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது. அதையாவது கொடுக்கலாம்," என்றார்.

7

மாடிச் சிக்கலைத் தீர்த்தவர் ஆ செங். அதிகம் பேசாத மனிதர். தமிழ் தெரியாது, அக்காவோடு மலாயில்தான் பேச்சு. அவர் குடியிருந்தது அதே கட்டடத்தின் தரைத்தளத்தில். விடியுமுன் கொய்தியாவ் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும், கேஸ் சிலிண்டர் ஏற்றவேண்டும் என்பதற்காகவே தேடிப் பிடித்து வாங்கிய வீடு. ஒருநாள் அவர் ஒன்பதாம் மாடிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "பிலோமினா, நீ கீழே வா, நான் மேலே போகிறேன்," என்றார்.

"வண்டிய என்ன செய்வே?"

"லிஃப்டில் ஏறாது. கீழே கட்டிப் போடுகிறேன். நீ பார்த்துக்கொள்."

இரண்டு குடும்பங்களும் வீட்டை மாற்றிக்கொண்டன. பத்திரத்தில் யார் பெயர் இருந்ததோ அப்படியே இருந்தது; சாவி மட்டும் கை மாறியது. அரசாங்கத்துக்கு வேண்டும் என்பதால் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாமான் தூக்கியது நாங்கள் எல்லோரும்தான். மாதா படத்தை மட்டும் அக்கா யார் கையிலும் கொடுக்கவில்லை.

அடுத்தது பயிற்சி. அக்காவுக்கு அதுதான் பயம். மலாய் சரளமாகப் பேசுவார், எழுதுவது தடுமாற்றம். வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் அவருக்கு மகள் வயசு. முதல் நாள் என் காடியில்தான் கூட்டிப் போனேன். இறங்க மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். "அங்க போயி என்னம்மா கேப்பாங்க? புள்ள அழுதா எந்தப் பாடத்துல வருதுன்னா?"

"போய்த்தான் பாருங்களேன்க்கா."

மாலையில் கூட்டிவரப் போனபோது அவரைச் சுற்றி நாலைந்து இளம்பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா, தொண்டையில் ஏதாவது சிக்கிக்கொண்டால் குழந்தையை எப்படிக் கவிழ்த்துத் தட்டவேண்டும் என்று வகுப்பில் அன்று கற்றதை ஒரு கைப்பையை வைத்துச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும், "இத்தன வருசமா நான் தப்பாத் தட்டிக்கிட்டிருந்தேன்மா. ஆண்டவர் காப்பாத்தியிருக்காரு," என்றார். அதன்பிறகு ஒரு வகுப்பையும் விடவில்லை.

தேறினார். தீயணைப்புத் துறையிலிருந்து வந்து பார்த்தார்கள். நகராட்சியிலிருந்து வந்தார்கள். ஒரு காகிதத்துக்கு இன்னொரு காகிதம் காத்திருந்தது. ஒருவழியாகப் பதிவு கிடைத்து வாசலில் பலகை மாட்டிய அன்று, ஆ செங் எல்லோருக்கும் கொய்தியாவ் வறுத்துக் கொடுத்தார். பலகையில் மலாயில் எழுதியிருந்தது: வீட்டுக் குழந்தைக் காப்பகம், காலை ஏழு முதல் மாலை ஆறு வரை.

நான் அதைப் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். எங்கள் ஷிப்ட் காலை ஏழிலிருந்து இரவு ஏழு. அதில் எதுவும் மாறவில்லை.

அக்காவுக்கு நான் கேட்க வந்தது புரிந்துவிட்டது. "ஏழு மணிக்கு முன்னாடியும் ஆறு மணிக்கு மேலயும் நீங்கள்லாம் எனக்குச் சொந்தக்காரங்க. சொந்தக்காரங்க புள்ளைங்க வீட்டுக்கு வந்தா யாரு என்னா கேக்குறது?"

கேட்க ஆள் வந்தது. சில மாதம் கழித்து ஒரு மாலை, நான் யாழினியைக் கூட்டிப்போக வந்து செருப்பைக் கழற்றும்போது, பின்னாலேயே புவான் ரொஹானா கோப்பும் கையுமாக வந்து நின்றார். முந்தைய இடத்தில் நேரமாகிவிட்டதாம். உள்ளே யாழினி, சல்மாவின் மகன், கலாவின் பெண், வெய் ஜியே நால்வரும் வட்டமாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"நேரம் முடிந்துவிட்டதே. இவர்கள் யார்?" என்று மலாயில் கேட்டார்.

"சொந்தக்காரப் பிள்ளைகள், புவான்," என்றார் அக்கா.

அதிகாரியின் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய், வாய் நிறையச் சாம்பார் சோற்றோடு அண்ணாந்து பார்த்த வெய் ஜியேயிடம் நின்றது. "இவனுமா?"

அக்காவின் கண் மாதா படத்துக்குப் போயிற்று. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போகிறவர். யாழினிதான் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, அழகான மலாயில் சொன்னாள்: "அவன் என் அண்ணன். அவனுக்குக் காரம் ஆகாது."

புவான் ரொஹானா உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சநேரம் பிடித்தது. கோப்பை மூடிக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, உள்ளே வந்து அடுப்படியைத் தாண்டிப் பின்பக்கக் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

"இதற்கு மேலே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொக்கி போடுங்கள்," என்றார். "சொந்தக்காரப் பிள்ளைகளும் ஓடத்தான் செய்வார்கள்."

மறுநாள் கடையைக் கட்டியதும் ஆ செங் வந்து கொக்கியை அடித்துவிட்டுப் போனார்.